எத்தனை பிட் என்று கேட்டு ஏளனம் செய்கிறவர்களுக்கு...

2025 செப்டம்பர் 2 அன்று டெல்லியில் நடந்த செமிகான் இந்தியா மாநாட்டில் 'விக்ரம் 3201' என்ற செயலி பிரதமரின் கையில் கொடுக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய 32 பிட் செயலி அது. செய்தி வந்ததுதான் தாமதம், இணையத்தில் இரண்டு கோஷ்டிகள் கிளம்பிவிட்டன.

கையில் இருக்கும் சாதாரண செல்போனே 64 பிட், இஸ்ரோ இப்போதுதான் 32-க்கு வந்திருக்கிறதா என்று சிரித்தது முதல் கோஷ்டி. இன்டெல்காரன் இனி கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று விசிலடித்தது இரண்டாவது கோஷ்டி. ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டாலும் இரண்டும் நின்றது ஒரே இடத்தில்தான். பிட் எண்ணிக்கை என்பது பரீட்சை மதிப்பெண் மாதிரி, அதிகம் வாங்கினால் கெட்டிக்காரன், குறைந்தால் மக்கு என்ற நினைப்பு இரு கோஷ்டிக்கும் பொது.

அந்த நினைப்பு தவறு. தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பிட் எண்ணிக்கை தகுதிச் சான்றிதழ் இல்லை. அது ஒரு எல்லைக்கோடு. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் 16 பிட்டை வைத்துக்கொண்டு ராக்கெட் விடுவான். தெரியாதவன் 64 பிட்டை வைத்துக்கொண்டு கடைக்கு பில் போடும் புரோகிராமில்கூடக் குப்புற விழுவான்.

கேள்வியே அரைகுறை

முதலில், 'இது எத்தனை பிட் செயலி?' என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்கிறதா? பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக லேபில் தட்டிய 8085-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் கூட்டிக் கழிப்பது 8 பிட். ஆனால் நினைவக முகவரி 16 பிட். அதனால்தான் 256 இடங்களோடு நிற்காமல் 65,536 இடங்களை அதனால் எட்ட முடிகிறது.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த 8088? உள்ளே 16 பிட், வெளியே தரவு போகும் பாதை 8 பிட், முகவரி 20 பிட். மோட்டரோலா 68000? உள்ளே ரிஜிஸ்டர்கள் 32 பிட், வெளியே தரவுப் பாதை 16 பிட், முகவரிப் பாதை 24 பிட். 1993-இல் வந்த பென்டியம் 32 பிட் செயலிதான், ஆனால் அதன் தரவுப் பாதை 64 பிட்!

ஆக, ரிஜிஸ்டரின் அகலம், தரவுப் பாதையின் அகலம், முகவரியின் அகலம் என்று மூன்று எண்கள். இவற்றோடு நான்காவதாக, புரோகிராம் எழுதுகிறவர் தன் தரவுக்குத் தேர்ந்தெடுக்கும் அகலம். நான்கும் வெவ்வேறு. கடைக்காரருக்கு மட்டும் ஒரே ஒரு எண் போதும், எது பெரிதோ அது.

இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததில்லை. 1993-இல் அட்டாரி கம்பெனி 'ஜாகுவார்' என்ற வீடியோ கேம் பெட்டியை 64 பிட் என்று கூவிக்கூவி விற்றது. உள்ளே இருந்த செயலிகளில் ஒன்று அதே பழைய 68000. 64 பிட் என்பது அதன் பஸ்ஸுக்கும் சில கிராஃபிக்ஸ் பகுதிகளுக்கும் மட்டுமே பொருந்தியது. பெட்டி படுதோல்வி. அதற்கு அடுத்த ஆண்டு வந்த சோனியின் 32 பிட் பிளேஸ்டேஷன் உலகத்தையே வளைத்துப் போட்டது. பிட்டைப் பார்த்து யாரும் விளையாட உட்காரவில்லை :-)

அணுபுரத்துக்குப் பக்கத்தில் 32 பிட்

64-க்குக் கீழே எல்லாம் குப்பை என்கிறவர்கள் ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி வந்து பார்க்கலாம். கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுந்த குடியிருப்பு அணுபுரம். இங்கிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களில் பலர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள். அந்த மையம் வடிவமைத்ததுதான் 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலை. உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். உலைக்குள் சுமார் 400 டிகிரியில் நுழைந்து சுமார் 550 டிகிரியில் வெளியேறும் சோடியம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் சீறும்.

இப்படிப்பட்ட உலையைக் கண்காணிக்க இந்த மையத்துப் பொறியாளர்கள் உருவாக்கிய நிகழ்நேரக் கணினிகளில் இருக்கும் செயலி எது தெரியுமா? மோட்டரோலா 68020. 1984-இல் வெளிவந்த 32 பிட் செயலி. 1987-இல் ஆப்பிள் விற்ற மேக்கின்டாஷ் 2 கம்ப்யூட்டரில் இருந்த அதே சில்லு.

செல்போனை நீட்டிக் கிண்டல் செய்கிறவர் இங்கே மயங்கி விழலாம். விழுவதற்கு முன் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கட்டும்.

இந்த உலையில் 181 எரிபொருள் கட்டுகள் உண்டு. அவற்றிலிருந்து வெளிவரும் சோடியத்தின் வெப்பநிலையைத் தெர்மோகப்பிள்கள் அளக்கின்றன. உதாரணத்துக்கு, 0 முதல் 800 டிகிரி வரை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற 12 பிட் போட்டால் 4,096 படிகள். ஒரு படி சுமார் 0.2 டிகிரி. 16 பிட் போட்டால் 65,536 படிகள்; ஒரு படி சுமார் 0.012 டிகிரி. ஆஹா, துல்லியம் கூடிவிட்டதே!

கூடவில்லை. கே வகைத் தெர்மோகப்பிளுக்குத் தர அளவுகோல் அனுமதிக்கும் பிழை 2.2 டிகிரி அல்லது முக்கால் சதவீதம், எது பெரிதோ அது. 550 டிகிரியில் அது 4 டிகிரிக்கு மேல். கம்பியே 4 டிகிரி முன்னே பின்னே சொல்லும்போது, நூறில் ஒரு டிகிரியைக் காட்டும் கூடுதல் பிட்டுகளில் இருப்பது வெறும் இரைச்சல். அரிசி மூட்டை எடை போடும் தராசில் தங்கத்துக்கான மில்லிகிராம் முள்ளை ஒட்டவைப்பது மாதிரி. இந்த அளவுகளைக் கூட்டி, சராசரி எடுத்து, எல்லையோடு ஒப்பிட 32 பிட்டே தாராளம். வினாடிக்குப் பல லட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் 68020-க்கு இது தூக்கத்தில் செய்யும் வேலை.

உலையின் பாதுகாப்பு இருப்பது வேறு இடத்தில். ஒரே அளவை மூன்று கணினிகள் தனித்தனியாகப் பார்க்கும். மூன்றில் இரண்டு 'ஆபத்து' என்றால் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே விழுந்து உலை நிற்கும். ஒன்று பழுதானாலும் உலை காக்கப்படும். ஒன்று பொய் சொன்னாலும் உலை வீணாக நிற்காது. இந்த ஏற்பாட்டுக்குத் தேவை நம்பத்தகுந்த, குணம் முழுதாகத் தெரிந்த செயலி. 68020-இல் சுமார் இரண்டு லட்சம் டிரான்சிஸ்டர்கள். இன்றைய செல்போன் செயலியில் பல நூறு கோடி. எந்தக் கட்டளை மோசமான நேரத்தில் எவ்வளவு தாமதமாகும் என்று இரண்டு லட்சத்தில் கணக்கிடலாம். நூறு கோடிகளில், அதுவும் அடுக்கடுக்கான கேஷ் நினைவகங்களோடு, அதே உறுதியைப் பெறுவது பெரும்பாடு.

ராக்கெட் கதையும் இதேதான். 2009 முதல் இஸ்ரோ ராக்கெட்டுகளின் மின்னணுக் கருவிகளில் பறந்தது விக்ரம் 1601 என்ற 16 பிட் செயலி. 3201 அதன் வாரிசு. 180 நானோமீட்டர் தொழில்நுட்பம். மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை தாங்க வேண்டிய சில்லு. மிதவைப் புள்ளி எண்களை, அதாவது தசமப் புள்ளி இடம் மாறும் எண்களை, நேரடியாகக் கணக்கிடும் வசதி அதில் உண்டு. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60-இல் விண்ணில் வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். வேலைக்கு 32 தேவைப்பட்டது, 32 வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

எல்லையை மறந்தவர்கள் கொடுத்த விலை

பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். கம்ப்யூட்டர் உலகில் பாத்திரம் அறியாமல் கொட்டியவர்களின் கதைகள் ஏராளம்.

1996 ஜூன் 4. ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி 40 வினாடிகூட ஆகவில்லை, திசைமாறி வெடித்துச் சிதறியது. பக்கவாட்டு வேகம் தொடர்பான 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அந்தப் புரோகிராமில் இருந்தது. 16 பிட் முழு எண் தாங்குவது 32,767 வரை. முந்தைய ஏரியான் 4-இல் அந்த எண் அவ்வளவு தூரம் ஏறியதே இல்லை. ஏரியான் 5 வேகமான ராக்கெட், எண் ஏறிவிட்டது. இத்தனைக்கும் இப்படி வழிந்துபோகக்கூடிய ஏழு மாறிகளில் நான்குக்குத் தடுப்பு போட்டிருந்தார்கள். மீதி மூன்றுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் காலை வாரியது.

அதற்கு முன் 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தளம், வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைக் கோட்டைவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். காரணம், நேரத்தைக் கணக்கிட்ட 24 பிட் ரிஜிஸ்டர். பத்தில் ஒரு வினாடி என்பதை இரும எண்ணில் எழுதினால் அது முடிவதே இல்லை, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று போய்க்கொண்டே இருப்பது போல. 24 பிட்டில் வெட்டியதால் வந்த துளி பிழை, கணினி 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 வினாடியாக வளர்ந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியாட் வானத்தில் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. போயிங் 787 விமானம் 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரத்தை நிறுத்தாமல் இருந்தால் எல்லா ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரே நேரத்தில் செயலிழக்கலாம் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. 248 எங்கிருந்து வந்தது? 2-இன் 31-ஆம் அடுக்கை நூறால் வகுத்து, வரும் வினாடிகளை நாட்களாக மாற்றிப் பாருங்கள். 248.55 வரும். நூறில் ஒரு வினாடிக்கு ஒன்று என எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு 32 பிட் எண்ணி நிரம்பும் நாள் அது.

மூன்று கதையிலும் பாத்திரம் சிறியது என்பது அரை உண்மைதான். அதன் கொள்ளளவை யாரும் எழுதிவைத்துச் சரிபார்க்கவில்லை என்பதே முழு உண்மை.

64 பிட் வாங்கிவிட்டால் தீருமா?

தீராது. மிக எளிய உதாரணம். ஒரு மாணவர் கடைக்குக் கணக்கு புரோகிராம் எழுதுகிறார். தொகையைப் பைசாவில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்று எங்கோ படித்து, அதை சி மொழியின் 'இன்ட்' மாறியில் போடுகிறார். கம்ப்யூட்டர் புத்தம் புதியது, 64 பிட் செயலி, 64 பிட் விண்டோஸ். ஆனால் அந்த இன்ட் மாறி இன்னும் 32 பிட்தான்! அதில் நிற்கும் பெரிய எண் 214,74,83,647. அத்தனை பைசா என்றால் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. ஒரு சுமாரான மளிகை மொத்த வியாபாரியின் ஆண்டு விற்பனையே அதைத் தாண்டும். தாண்டிய அடுத்த பைசாவில் கணக்கு பெரும்பாலும் மைனஸுக்குப் போகும். 64 பிட் செயலி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

'இன்ட் வேண்டாம், லாங் போடு' என்று பக்கத்து பெஞ்சு ஆலோசனை சொல்லும். 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட்! இது தெரியாமல் எழுதிய புரோகிராம் லேபில் ஓடும், கடையில் கவிழும்.

இதே நோயின் பெரிய வடிவம் 2038. யூனிக்ஸ் வகைக் கணினிகள் 1970 ஜனவரி 1-இலிருந்து வினாடிகளை எண்ணி நேரம் சொல்கின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்த புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு காலம் முடிகிறது. அடுத்த வினாடி 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். அதுவரை செயலிகள் எல்லாம் 64 பிட் ஆகிவிட்டாலும், பழைய கோப்பிலும் டேட்டாபேஸிலும் 32 பிட்டாக எழுதிவைத்த தேதி 32 பிட்டாகவேதான் இருக்கும். மின்நிலையங்களும் ஆலைகளும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடுவதற்காகக் கட்டப்படுகின்றன. இன்று அவற்றில் பொருத்தப்படும் கருவிகள் அந்தக் காலை நேரத்தைத் தாண்டியாக வேண்டும். அன்று அதைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கப்போகிறவர்கள் இன்றைய மாணவர்கள்தான்.

பிட் ஏறினால்தான் முன்னேற்றம் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு அதிர்ச்சி. உலகமே வாய்பிளந்து பார்க்கும் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள் போகும் திசை எது? கீழே! கூகுளின் முதல் டி.பி.யு. சில்லு பெருக்கியது 8 பிட் முழு எண்களை. என்விடியா 2022-இல் 8 பிட் மிதவைப் புள்ளியைப் பெருமையாக அறிவித்தது. 2024-இன் பிளாக்வெல் சில்லில் 4 பிட்டுக்கு இறங்கியது. அந்தத் தரவுக்கு அவ்வளவு துல்லியம் போதும், மிச்சமாகும் இடத்தில் இன்னும் பல பெருக்கிகளை வைக்கலாம் என்ற கணக்கு. இஸ்ரோவின் 32-ஐப் பார்த்துச் சிரித்தவர்கள் என்விடியாவின் 4-ஐப் பார்த்துச் சிரித்தார்களா என்ன?

அப்படியானால் பழசே போதுமா?

போதாது. இந்தப் பக்கமும் ஒரு பொய் உலாவுகிறது. பழைய சில்லு என்றாலே பத்திரம், புதியது என்றாலே ஆபத்து என்பது சோம்பேறிகளின் வாதம். அகலம் உண்மையாகவே போதாத இடங்கள் உண்டு. 32 பிட் முகவரி சுமார் 429 கோடி பைட்டுகளோடு, அதாவது 4 ஜி.பி.யோடு நின்றுவிடும். பெரிய டேட்டாபேஸுக்கும் வானிலைக் கணிப்புக்கும் அது போதவே போதாது. 140 பைட் எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலம் எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்து போகும். தமிழுக்கு 16 பிட் தேவை என்பதால் 70 குறியீடுகளோடு முடியும். அதிலும் 'கோ' என்ற ஓர் எழுத்தே இரண்டு இடத்தைத் தின்னும். இங்கெல்லாம் அகலம் கேட்பது ஆடம்பரம் இல்லை, தேவை.

பழைய சில்லுக்கு இன்னொரு நிஜமான நோயும் உண்டு: உற்பத்தி நின்றுபோவது. 40 ஆண்டு ஓட வேண்டிய உலைக்கும் பத்தாண்டில் கடையை மாற்றிக்கொள்ளும் சில்லு கம்பெனிக்கும் ஒத்துப்போகாது. விக்ரம் 3201-ஐப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருந்தது. அதன் வடிவமைப்பு யார் கையில்? இன்னும் இருபது ஆண்டு கழித்து ஆயிரம் சில்லு வேண்டும் என்றால் யாரிடம் கைநீட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சண்டிகர் என்று விடை சொல்ல முடிவதுதான் அந்தச் சில்லின் மதிப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் நடக்கும் 'சக்தி' செயலித் திட்டத்தின் மதிப்பும் அதுவே. அதில் சிறிய கருவிகளுக்கு ஒரு வகை, பெரிய வேலைகளுக்கு 64 பிட்டில் வேறு வகை என்று தேவைக்கேற்பப் பிரித்தே வடிவமைக்கிறார்கள்.

அணுசக்தித் துறைக்கு இந்தத் தெளிவு புதிதும் இல்லை. 1969-இல் டிராம்பேயில் உருவான கணினிக்கு டி.டி.சி. 12 என்று பெயர். டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர், 12 பிட். பிறகு ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். தயாரித்த டி.டி.சி. 316-இல் இருந்தது 16 பிட். எல்லையை நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்ட இயந்திரங்கள்!

பழி யார் மேல்?

செல்போன் விற்பவரைத் திட்டிப் பயனில்லை. அவர் தொழில் விற்பது. பழி வகுப்பறை மேல்தான் விழ வேண்டும். '64 பிட் செயலி என்றால் என்ன?' இரண்டு மதிப்பெண். 'ஒரே சமயத்தில் 64 பிட் தரவைக் கையாளும் செயலி.' முழு மதிப்பெண்! எந்தத் தரவு, எந்தப் பாதை, நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று வாத்தியாரும் கேட்பதில்லை, மாணவரும் சொல்வதில்லை. 8085 லேபில் எஃப்.எஃப். உடன் ஒன்றைக் கூட்டினால் 00 வரும், கேரி ஃபிளாக் ஏறும் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. ஏரியான் 5-ஐ வீழ்த்திய வழிதலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று அந்த நோட்டில் ஒரு வரி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

செங்கல்பட்டு மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் இன்ஜினியரிங் கல்லூரி. பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க சாஃப்ட்வேர் கம்பெனி. அந்தச் சாலையிலிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் 32 பிட்டின் எல்லையைத் துல்லியமாக அளந்து, அதற்குள் உலையைப் பாதுகாக்கும் மனிதர்கள் வாழும் அணுபுரம். இரண்டுக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. ஆனால் பிட்டைப் பெருமையாகப் பார்ப்பதற்கும் பொறுப்பாகப் பார்ப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் மிக அதிகம்.

இனி யாராவது 'வெறும் 32 பிட்டா?' என்று சிரித்தால் பதிலுக்குச் சண்டை போட வேண்டாம். அவர் கடைசியாக எழுதிய புரோகிராமைத் திறக்கச் சொல்லி, அதில் ஏதாவது ஒரு மாறியைச் சுட்டிக்காட்டி, இதில் நிற்கக்கூடிய மிகப்பெரிய எண் எது, அதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் அவர் சிரிக்கட்டும். வராவிட்டால், அவர் 64 பிட்டில் இருந்தால் என்ன, 128 பிட்டில் இருந்தால் என்ன?